ஒரு லைஃப் பாக்கி

மேனகா சீட்டைப் பிரித்தாள். ஐந்து.

"அஞ்சாம் நம்பர் இன்னொருத்தர் யாரு?" என்று போட்டி நடத்தும் விஜய் மைக்கில் கேட்டான். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. வெல்டிங் பொறி பட்டுப் பட்டுக் கறுத்த கை. முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அண்ணன் நெடுமாறன்.

நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அரியாங்குப்பத்தில் அவன் பட்டறை இருக்கும் தெருப் பக்கம்கூட அவள் போவதில்லை.

ரெட்டியார்பாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பழைய வீடியோ கேம் போட்டி. பெரிய டப்பா டிவி, கேசட் சொருகும் கன்சோல். கேமின் பெயர் 'மின்னல் படை': முகமூடி போட்ட இரண்டு சூப்பர் ஹீரோக்கள் தெருத்தெருவாக ரவுடிகளை அடித்துக்கொண்டே போக வேண்டும். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார்கள். மருந்துக் கடையில் அவளோடு வேலை செய்யும் நிர்மலாதான் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"வேணாம்னா கெளம்பிடலாங்க்கா" என்று நிர்மலா காதருகே சொன்னாள்.

நெடுமாறன் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்திருந்தான். "ஆடறியா, போறியா?" என்றான், டிவியைப் பார்த்தபடி.

அவனுக்குப் பயந்து ஓடியதாக ஆகக் கூடாது. உட்கார்ந்தாள்.

அந்த கேமில் ஒரு வம்பு உண்டு. கவனமில்லாமல் குத்தினால் அடி கூட்டாளி மேலும் விழும். ஆளுக்கு மூன்று லைஃப். ஒருவனுக்குத் தீர்ந்துவிட்டால் ஒன்பதிலிருந்து எண்ணிக்கை ஓடும். அதற்குள் பட்டனை அழுத்தினால் கூட்டாளியின் லைஃப் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் சம்மதம் தேவையில்லை.

முதல் மூன்று கட்டத்தைப் பேசாமலே தாண்டினார்கள். சின்ன வயதில் ஆடிய பழக்கம் விரல்களில் இருந்தது. அவன் இடப்பக்கம் பார்த்துக்கொண்டான், அவள் வலப்பக்கம். நான்காவது கட்டத்தில், பாலத்தின் மேல், அவன் விட்ட உதை அவள் ஆளைத் தூக்கித் தண்ணீரில் போட்டது. ஒரு லைஃப் போனது.

"வேணும்னே அடிச்சியா?"

"கை தவறிடுச்சு."

"உனக்கு எப்பவுமே கைதான் தவறும்."

அவன் அடுத்த ரவுடியின் பக்கம் திரும்பினான். அம்மா செல்வாம்பாளின் கருமாதி அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் அவன் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. 'என்னை ஒரு வார்த்தை கேக்காம ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டா. அம்மாவைக் கொன்னது இவதான்.' அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மயக்கத்திலிருந்து எழவே இல்லை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக் கேட்டபோது அப்பா, நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க என்றுவிட்டார். அவள் அண்ணனுக்குப் போன் மேல் போன் அடித்தாள், அவன் எடுக்காததால் தானே கையெழுத்துப் போட்டாள். போனைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வெளி வேலைக்குப் போயிருந்ததாக நெடுமாறன் பிறகு சொன்னான். எல்லோரும் அதை நம்பினார்கள்.

ஆறாவது கட்டம். கடைசி பாஸ், ரவுடிகளின் தலைவன், இரும்புக் கையோடு திரையில் பாதியை அடைத்துக்கொண்டு வந்தான். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். காலையிலிருந்து இங்கே வரை யாரும் வரவில்லை. ஒரே அடியில் நெடுமாறனின் கடைசி லைஃப் போயிற்று. ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. மேனகாவிடம் இப்போது ஆடுவது போக ஒரு லைஃப் பாக்கி இருந்தது.

"எடு!" என்றாள். பாஸின் கை அவள் தலைக்கு மேல் சுழன்றது, குனிந்தாள்.

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான்.

"மேனகா. அன்னைக்கு போன் எங்கிட்டதான் இருந்துச்சு."

அவள் விரல் ஒரு நொடி நின்றது. இரும்புக் கை விழுந்தது. அவள் ஆளின் தெம்பு பாதியாகக் குறைந்தது.

"பதினோரு வாட்டி அடிச்சே. பாத்துட்டேதான் இருந்தேன். எடுத்தா நீ என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுவியோன்னு பயம். ஏதாச்சும் ஆயிட்டா என் தலையில விழும்னு…"

மூன்று. இரண்டு.

"மொதல்ல எடுடா!" என்று கத்தினாள். அண்ணனை அவள் அதுவரை டா போட்டதில்லை.

அவன் அழுத்தினான். அடுத்த ஒரு நிமிடம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. குத்தினாள், குத்திக்கொண்டே இருந்தாள். கண்ணீரில் திரை கலங்கியது, பாஸ் எங்கே, அண்ணன் எங்கே என்று தெரியவில்லை. கூடம் கைதட்டியபோதுதான் ஜெயித்தது தெரிந்தது.

விஜய் கோப்பையோடு வந்தான். மேனகா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அன்னைக்கு ஊரே கேக்கத்தானே சொன்னே? வா, அப்பாகிட்ட சொல்லு."

"இப்பவா?"

"இப்பவே."

கருவடிக்குப்பம் போகும் வழியெல்லாம் அவன் பைக் அவள் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே வந்தது. எங்காவது திரும்பிவிடுவானோ என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். திரும்பவில்லை.

அப்பா ஆதிமூலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டு எழ முயன்றார். நெடுமாறன் அவர் எதிரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், போன், பயம், கருமாதியில் சொன்ன பொய். மேனகா உதவவில்லை.

அப்பா மகனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"நீ போன் அடிச்சப்ப நான் பக்கத்துலதாம்மா ஒக்காந்திருந்தேன். கருமாதி அன்னைக்கு இவன் சொல்லச் சொல்ல, எம் பொண்ணு எத்தினி வாட்டி அடிச்சான்னு எனக்குத் தெரியும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஆம்பளப் புள்ளையாச்சேன்னு வாயை மூடிக்கினு இருந்துட்டேன்."

இதை மேனகா எதிர்பார்த்திருக்கவில்லை. அண்ணன் மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று ஒருவாறு யோசித்து வைத்திருந்தாள். இதற்கு எதுவும் யோசித்திருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஊர்க்காரங்க கிட்ட நான் சொல்றேன்" என்றான் நெடுமாறன். "வீடு வீடாப் போயி சொல்றேன்."

"நானும் வரேன்" என்றார் அப்பா.

"பெரியத்தை வீட்டுல ஆரம்பிங்க" என்றாள் மேனகா. "அன்னைக்கு மொத ஆளா எழுந்து என்னை வெளிய போன்னு சொன்னது அவங்கதான்."

அப்பா சட்டையை எடுக்க உள்ளே போனார்.