நாலு கால் வீடு

அம்மாவுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. பக்கத்து அப்பார்ட்மென்டில் புதுத் திரைச்சீலை தொங்கினால்கூட ஏன் மாற்றினார்கள் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே நான் வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் தூண்களையும் பலகைகளையும் ஏற்றிவந்து, நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்னால் நிறுத்தியபோது, மூன்றாம் மாடியிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்துவிட்டார்.

“என்னடி கோபிகா உது?”

“பரண் அம்மா. காட்டுக்குள்ள கட்டப் போறன்.”

“ஆர் இருக்க?”

“நான்தான். அதுக்குள்ள ஒளிச்சிருந்து மானுக்கு அம்பு விடப் போறன்.”

அம்மா ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தார். “எங்களுக்கு ஒரு வீடு வாங்கேலாது. மான் சுடுறதுக்கு வீடு கட்டுறாய்” என்றார்.

சுருக்கென்றது. அம்மாவின் தம்பி ஆனந்தராசா மாமா, தங்கை றோசா சித்தி, எல்லோரும் கர்க்லாண்ட் பக்கம் வீடு வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய புதுவீட்டுக் குடிபூரல்களில் விடிய எழும்பி அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச உதவியது, பொங்கல் கிண்டியது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கக் குசினிக்குள் நின்று சட்டி கழுவியது என் அம்மா புஷ்பராணி. தன்னுடைய குடிபூரலுக்கென்று ஒரு சின்னப் பித்தளைப் பானை வாங்கி, பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். இந்த வருடம் வாங்கிவிடுவோம் என்று வாய்விட்டவள் நான். வங்கி கடன் தராமல் கையை விரித்துவிட்டது. அதைச் சொன்ன அன்று அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மான் கதைக்குக் காரணம் டெனி. டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பொதி ஏற்றுகிறவன். வில் பழகும் கிளப்புக்கு என்னை இழுத்துப் போனவனும் அவன்தான். வேட்டைக்கான பாடம் படித்து, உரிமமும் எடுத்த பிறகு, நாட்டு எல்லைப் பக்கமாக இருக்கும் தன் சொந்தக் காட்டில் ஒரு மூலையைத் தந்தான். “இந்த சீசன் உன்னுடையது. கட்டிக்கொள். மான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். மணம் மட்டும் விட்டுவிடாதே” என்றான்.

ஜூலையிலேயே கட்டியிருந்தால் மான்களுக்குப் பரண் பழகியிருக்கும். அம்மா விடவில்லை. ஆடியில் வாசல் வைக்கக்கூடாதாம்.

“அது வீடில்லை அம்மா.”

“கூரை இருக்கோ?”

“இருக்கு.”

“கதவு?”

“அதுவும் இருக்கு.”

“பேந்தென்ன?”

ஆவணி பிறந்த பிறகுதான் தூணுக்குக் குழி தோண்டினோம். தோண்டினோம் என்றால், அம்மாவும் வந்து நின்றார். வராமல் இருக்க அவரால் முடியுமா?

நாலு தடித்த தூண்கள், ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு தளம், அதன்மேல் ஆறடிக்கு ஆறடி அறை. நான் ஆணி அடிக்க, அம்மா கேள்வி அடுக்குவார். உள்ளுக்கு ஏன் கறுப்பு அடிக்கிறாய்? வெளிச்சத்தில் எங்கள் உருவம் தெரியாமல் இருக்க. நிலத்துக்கு ஏன் கார்ப்பெட்? காலைத் தூக்கி வைத்தால் சத்தம் கேட்காமல் இருக்க. மான் மேலே பார்க்காதோ? அவ்வளவாகப் பார்க்காது. எந்தப் பக்கம் கிழக்கு? இந்தக் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால், எங்கள் மணம் மானுக்குப் போகாதபடி யன்னல்களை மேற்கே வைத்து, கதவைக் கிழக்கே போட்டிருந்தேன். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. காற்றைப் பற்றி நான் சொன்ன விளக்கம் அவர் காதில் ஏறவே இல்லை.

யன்னலில் நான் கோட்டை விட்டேன். கதிரையில் இருந்து பார்க்கக் கண் மட்டத்துக்கு வெட்டியிருந்தேன். வில்லை இழுத்துப் பார்த்தால், கண் வெளியே மரத்தைப் பார்க்கிறது, அம்பின் முனை பலகைக்கு நேரே நிற்கிறது. அம்பு கண்ணுக்குக் கீழேதான் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

“அப்ப நீ முதல்ல வீட்டுச் சுவருக்குத்தான் குத்தப் போறாய்” என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பலகையை அறுத்து யன்னலைக் கீழே இறக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அறைக்குச் சுவர் வந்த நாளிலிருந்து அம்மா சப்பாத்தை ஏணியடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். காலுறையோடு ஏறினால் சறுக்கும் என்று கத்தியும் கேட்கவில்லை. மெத்ரோப் படிகளில் முழங்கால் நோவு என்று முனகுகிறவர், அந்த ஏணியில் மட்டும் முனகவே இல்லை.

வேட்டை தொடங்குவதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. அம்மாவைப் பரணில் விட்டுவிட்டு, அம்பு போகும் வழியில் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை வெட்டப் போனேன். திரும்பி வரும்போது பரண் கண்ணில் படும் முன்பே மூக்கில் பட்டது. சாம்பிராணி.

ஓடினேன். வாசலில் நிறைகுடம். மாவிலை கிடைக்காமல் மேப்பிள் இலை செருகி, மேலே தேங்காய் வைத்திருந்தார். உள்ளே சின்னக் காஸ் அடுப்பில் அந்தப் பித்தளைப் பானை. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்து, கார்ப்பெட்டெல்லாம் ஊறிக் கிடந்தது. அம்மா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன வேலை அம்மா செய்து வைச்சிருக்கிறியள்? ஒரு மானும் இனி இந்தப் பக்கம் வராது.”

“பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள எப்படியடி இருக்கிறது?”

“இது வீடில்லை. கொல்லுறதுக்குக் கட்டினது. கொல்லுற இடத்தில போய்ப் பால் காய்ச்சியிருக்கிறியள்.”

அம்மா அடுப்பை அணைத்தார். “எனக்கு அது தெரியாதே? வேற வீடு எனக்குக் கிடைக்கப் போறேல்லை எண்டதும் தெரியும்.”

அதைக் கேட்டும் என் கோபம் போகவில்லை. கோடை முழுவதும் ஆசைப்பட்டு, தோள் வலிக்க வில் இழுத்துப் பழகியவள் நான். எனக்கு அழுகையும் வந்தது.

அடுத்தநாள் விடியப்புறம் அவர் எனக்கு முன்பே வெளிக்கிட்டு, தேத்தண்ணிப் போத்தலோடு கதவடியில் நின்றார். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. காட்டில் அவர் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றினார். நான் வேண்டுமென்றே சேற்றுப் பூட்ஸோடு ஏறி, கார்ப்பெட்டில் காலை வைத்தேன். அவர் என் பூட்ஸைப் பார்த்தார்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், காற்றில்லாமல் நின்ற மரங்களுக்கிடையே ஒரு மான் வந்தது. வில்லைக் கையில் எடுத்தேன். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மான் நின்றது. மூக்கை உயர்த்தியது. முன்காலால் நிலத்தைத் தட்டியது. பிறகு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டது.

“சாம்பிராணி அதுக்குப் பிடிக்கேல்லையோ?”

“இல்லை.”

“என்னாலதானே?”

“ஓம் அம்மா. உங்களாலதான்.”

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. வங்கிச் செய்தி சொன்ன நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

வெயில் ஏறியபோது சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. டெனி. ஏதாவது கிடைத்ததா என்று பார்க்க வந்திருந்தான். ஏணியடியில் மூக்கை உறிஞ்சினான்.

“யார் இங்கே சமைத்தது?” என்று பிரெஞ்சில் கேட்டான்.

நான் கதவைத் திறந்து சொன்னேன். எங்கள் வழக்கம், புது வீட்டில் முதல் வேலையாகப் பால் பொங்க வைப்போம், அம்மா செய்துவிட்டார், மன்னித்துக்கொள் என்றேன். பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன், நானும் வீடு என்றே சொல்லியிருந்தேன்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கீழே இருந்த அம்மாவின் சப்பாத்தைப் பார்த்தான். நிறைகுடத்தைப் பார்த்தான். பிறகு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, தன் பெரிய பூட்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இரண்டையும் அம்மாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தான். காலுறையோடு ஏறி வந்தான்.

வெட்கமாக இருந்தது. மூலைக்குத் திரும்பி நானும் என் பூட்ஸைக் கழற்றினேன்.

“பொன்ஜூர்” என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது. ஒரே கதிரையை அவனுக்குத் தள்ளிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். டெனி முழங்கால்களை மடக்கிக்கொண்டு குடித்தான். மழை பெய்து கழுவும் வரை இங்கே மான் வராது, நாளைக்கு என்னுடைய பரணுக்கு வா என்றான். போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்து, நன்றாகக் கட்டியிருக்கிறாய் என்றான்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“வீடு வடிவா இருக்காம்.”

அம்மா யன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவர் எழும்பி, மூலையில் அடிப்பிடித்துக் கிடந்த பித்தளைப் பானையைக் கையில் எடுத்தார். “ஓடை கிட்டத்தானே? கழுவிக்கொண்டு வாறன்.”

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

“இருங்கோ அம்மா. வீட்டுக்காரி சட்டி கழுவுறேல்லை.”