ஸல்ஹாவின் இரத்தத்தில் இருந்தது

...வருத்தத்துக்குக் காரணம் ஐஸ் இல்லை என்று டொக்டர் சொன்னவுடனேயே எழும்பி வந்திருக்க வேண்டும், மிச்சத்தைக் கேட்டதுதான் பிழை, என்று அபூதாஹிர் நினைத்தான். கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் மிதவைப் பாதை கரையை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது, வெயில் முதுகில் விழுந்தும் விறைப்புப் போகவில்லை, இரவு முழுக்கத் துறைமுகத்தடி ஐஸ் கொம்பனியில் கட்டிகளை இழுத்துப் போட்டவனின் கை வெயில் ஏறும்வரை சூடாகாது. "என்ன தாஹிர், உன்ர மடியில நாலு பாரை மீனைப் போட்டா கொழும்பு போய்ச் சேரு மட்டும் கெடாது போல" என்று மீன் யாவாரி முஹம்மது தம்பி கத்தினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்து வைத்தான். காலையில் வீட்டுக்குப் போய் ஸல்ஹாவின் விரலைத் தொட்டால் போதும், கண் முன்னாலேயே வெளிறும், பிறகு நீலம், பிறகு சிவப்பு... கலியாணம் முடித்த புதிதில் அது விளையாட்டாக அல்லவா இருந்தது, வேண்டுமென்றே பிடிப்பான், "விடுங்க மச்சான், வெள்ளையடிச்ச சுவராக்கிப் போடுவீங்க" என்று அவள் வாய் நிறையச் சிரிப்பாள். அந்த வாய் இப்போது எங்கே, தோல் இறுகி இறுகிச் சின்னக் கரண்டி நுழையும் அளவுக்குச் சுருங்கிவிட்டது, விரல்கள் மடங்கினது மடங்கினபடி, நுனிகளில் ஆறாத புண்.

இரத்தத்தைக் கொழும்புக்கு இரண்டு முறை கொண்டுபோக வேண்டியிருந்தது, அதுவும் அவனால்தான். குளிராக வைத்திருக்கச் சொன்னார்கள், ஐஸ்காரனுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்ற திமிர், மீனுக்குச் செய்வது போல உப்புப் போட்டு ஐஸை இறுக்கி அடைத்தான், கொழும்பில் திறந்தபோது இரத்தம் உறைந்து குழாய் வெடித்திருந்தது. திரும்ப எடுக்கும்போது அந்த இறுகிய தோலில் ஊசி இறங்கவில்லை, குத்திக் குத்திப் பார்த்தார்கள், அவள் கூரையைப் பார்த்தபடி இருந்தாள். அந்த இரத்தம்தான் கடைசியில் பேசியது. எலி ஈரலின் மெல்லிய சீவலில் அவளுடைய இரத்த நீரை விட்டுப் பார்த்தார்களாம், ஒவ்வொரு கலத்தின் கருவும் பச்சைப் புள்ளிகளாக ஒளிர்ந்ததாம். நோய்க்கிருமியைப் பிடிக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் அவளுடைய சொந்தக் கலங்களின் கருவையே பிடிக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் பாதியில் விட்டவனுக்கு அந்த அளவு விளங்கியது, விளங்காமல் இருந்திருக்கலாம். அப்ப அதுதான் தோலை இறுக்குதா டொக்டர் என்று கேட்டான். "அது வருத்தத்தைச் செய்யுதோ, வருத்தத்தோட கூட வருதோ, எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியேல்லை, ஆனா ஐஸ் செய்யேல்லை, குளிர் பட்டா விரல் வெளிறும், அவ்வளவுதான்" என்றார். மாதா மாதம் பிரஷர் பார்க்க வேண்டும், ஏறினால் உடனே கூட்டி வர வேண்டும், சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் கஷ்டம். முற்றாகச் சுகமாகுமா? டொக்டர் பேனாவை மூடினார்.

போன கிழமை கேட்டதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை, முடிவு வரவில்லை என்றே சொல்லி வந்தான். அதற்குள் அவளுடைய மூத்த சகோதரன், கலீலுர் றஹ்மான் காக்கா, எல்லாம் இவனுடைய குளிரால்தான், இவன் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். "தங்கச்சிக்கு மாப்பிள்ளை எடுத்தம் எண்டு நினைச்சம், ஐஸ்கட்டியல்லவா எடுத்திரிக்கம்." வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, இந்த ஊரில் வருகிறவனும் ஆண்தான், போக வேண்டியவனும் ஆண்தான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தான், எலும்பில ஏறின குளிர் வேலையை விட்டாப் போகுமா என்றார். அவள்தான் பிறகு மெதுவாகச் சொன்னாள், "கொஞ்ச நாளைக்கு உங்கட உம்மா வீட்டுல இருங்க மச்சான், கை இளகட்டும், நானே ஆள் அனுப்பிறன்." அதை எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள்! உண்மையைச் சொன்னால் அவன் அந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் அவளிடம் என்ன சொல்வது, வெளியே போக வேண்டியது நான் இல்லை, உன்னுடைய இரத்தத்திலேயே இருக்கிறது, அதை எந்த வீட்டுக்கு அனுப்புவாய் என்றா...

அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் காக்கா கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், கதவடியில் அவனுடைய பெட்டி. உடுப்பை மடித்து வைத்தது அவளாகத்தான் இருக்கும், அந்த விரல்களால் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும். ஸல்ஹா வாசலுக்கு வந்தாள், கைகளைத் தாவணிக்குள் ஒளித்திருந்தாள். "இரத்தத்துல என்னவாம் மச்சான்? வந்திரிச்சா?" ஓம், வந்திட்டு என்றான், அதற்குப் பிறகு வாயில் வந்தது, "ஐஸாலதானாம்." காக்கா தொடையில் தட்டினார், "நான் சொன்னனா இல்லியா!" அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை, அசைய ஏலாது, ஆனால் கண் இரண்டும் பளிச்சென்று விரிந்தன, அதுபோதும் என்று நினைத்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

ஒழுங்கை கழிந்து றோட்டுக்கு வந்த பிறகுதான் பிரஷர் ஞாபகம் வந்தது. இனி யார் அதைப் பார்க்கக் கூட்டிப்போவது, ஐஸ் போய்விட்ட வீட்டில் எதற்குப் பிரஷர் என்பாரே காக்கா... திரும்பிப் போய் அதை மட்டும் சொல்லலாம், ஆனால் அதை மட்டும் எப்படிச் சொல்வது, ஒன்றைச் சொன்னால் எல்லாம் வரும், அந்தக் கண்கள்... அவளுக்காகத்தான் சொன்னேன், அவளுக்காகத்தானே? நின்று யோசிக்க வேண்டும் என்று நினைத்தான். கால்கள் நிற்கவில்லை, பெட்டியும் கனக்கவில்லை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைப் போல வேகமாக நடந்துகொண்டிருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.