வீட்டுக்குள் வந்து சேர்ந்த தூரம்

அதிவேக ரயில் ஓடத் தொடங்கிய மறுநாள் காலையில், கண்டக்டரம்மாவின் வீட்டில் அடுப்புக்கும் அவள் புருஷன் உட்காரும் நாற்காலிக்கும் நடுவே ஒரு தெரு நீளத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே வீடுதான். அதே இரண்டு ஜன்னல், அதே காரை பெயர்ந்த சுவர். உள்ளேதான் நீண்டுவிட்டது. அவள் டீயை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போய்ச் சேர்ந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் அவர்.

"எழுந்து நடந்து பாருங்க டிரைவரே, தெரியும்."

ஆமாம், புருஷனை அவள் டிரைவரே என்றுதான் கூப்பிடுவாள்; அவருக்கு அவள் கண்டக்டரம்மா. இருவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். ஊரிலிருந்து நகரத்துக்கு மூன்று மணி நேரம், திரும்பி வர மூன்று மணி நேரம். அவர்கள் கல்யாணம் முடிவானதே அந்தப் பஸ்ஸில்தான். கோபம் என்றால் அவள் விசிலை நறுக்கென்று அடிப்பாள், சமாதானம் என்றால் இழுத்து அடிப்பாள். "என்ன டிரைவரே, காலைலயே வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்று பின்சீட்டிலிருந்து யாராவது கேட்பார்கள். பேச வேண்டியதையெல்லாம் சாலையிலேயே பேசித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். வீட்டில் பேசிப் பழக்கமில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை.

ரயில் வந்ததும் அந்த மூன்று மணி நேரம் இருபது நிமிடமாகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. கீரை வாடாமல் நகரத்துச் சந்தைக்குப் போனது. வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அப்பாக்கள் தினமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிர்வீட்டுச் சலூன்காரரின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்து ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பஸ்ஸில் போன காலத்தில் அவள் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பின்சீட்டு முழுவதையும் அவளுக்கென்றே காலியாக வைத்திருப்பாள் கண்டக்டரம்மா. இப்போது சலூன்காரர் மனைவி காலையில் போய் மதியமே திரும்பி, வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். வழியிலிருந்த டீக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஓடி வருகிறவருக்காக ரயில் ஒரு நொடி நிற்காது. கதவு தானாக மூடிக்கொண்டு, "தள்ளி நிற்கவும்" என்று இனிய குரலில் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஊரைக் கேட்பதற்குள் இறங்குமிடம் வந்துவிடும். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு பயணத்திலிருந்து அத்தனை தூரத்தைக் கழித்தால் அது எங்கேயாவது போய் இருந்துதானே ஆக வேண்டும்? அது கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய ஒரு வழக்கம். பஸ்ஸில் யார் எதை விட்டுவிட்டுப் போனாலும், உடையவர் வந்து கேட்கும்வரை அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பாள். குடைகள், பல்செட்டு, ஒரு தடவை ஒரு முட்டைக்கோழிகூட. பஸ் கடைசியாக ஓடிய அன்று, ஊர் முனையிலிருந்த தூரத்தை எண்ணத் தொடங்குகிற, சுழியம் போட்ட கிலோமீட்டர் கல்லைச் சாலை வேலையாட்கள் பிடுங்கி, நகரத்து அலுவலகத்தில் ஒப்படைக்கப் பின்சீட்டில் ஏற்றினார்கள். பிறகு மறந்து இறங்கிப் போனார்கள். அவள் வழக்கப்படி அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரும் கேட்டு வரவில்லை. கொல்லையில் போட்டுத் துணி துவைத்தாள். கல் இருந்த இடத்தைத் தேடித் தூரமும் வந்துவிட்டது.

அடுப்பைத் தூக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இடையில் அறை நீண்டுகொண்டது. வெளியே சுற்றிக்கொண்டு போனாலும், வாசல்படி தாண்டி உள்ளே நுழைந்ததும் அதே தூரம்தான். ஒரே கட்டிலில் படுத்தாலும், விடியும்போது அவர் அந்தக் கோடியில், இவள் இந்தக் கோடியில். ரயில் ஓட ஓட வீடும் வளர்ந்தது. நடுக்கூடத்தில் புல் முளைத்தது, பிறகு சாலையோர மரங்கள் வந்தன, மரத்துக்கு மரம் காக்கை. வருஷம் முடிவதற்குள் அடுப்படியிலிருந்து நாற்காலிக்குப் போக அரை நாளானது. கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி அவருக்கு, நடக்க மாட்டார். அவள் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் வைப்பாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்போது இவள் திரும்பக் கிளம்பியாக வேண்டும். பேச்சு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று குறைந்தது. ஒருநாள் போனபோது அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு?" என்றார். அவள் சோற்றை வைத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளோடு நடந்து வந்தது. இப்படியே போனால் தன் புருஷனுக்குத் தான் வழிப்போக்கியாகிவிடுவோம் என்று அன்றைக்குப் பயந்தாள்.

அவரும் பயந்திருக்க வேண்டும். அந்த வாரமே முட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து கொல்லைக்கு வந்தார். கல்லில் இருந்த சுழியத்தைப் பார்த்தார். "இதையா துவைக்கிற கல்லாப் போட்டிருக்கே?" என்று கேட்டு, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ரயில் நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு வந்தார். அவர் திரும்பும்போது அடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவே நான்கே எட்டு. டீ ஆவி பறக்க வந்தது. இருவரும் அன்று பேசிய பேச்சில் சாம்பார் அடிப்பிடித்தது. அவள் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து ரயில் நகரம் போய்ச் சேர மூன்று மணி நேரமானது. சக்கரம் அதே வேகத்தில்தான் சுழன்றது, பாதைதான் முடியவில்லை. பொறியாளர்கள் வந்து குனிந்து குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும். சலூன்காரர் மனைவி இரண்டு தடவை போய் வெறுமனே திரும்பினாள்.

டிரைவர் சவரத்துக்குப் போனார். சலூன்காரரின் கத்தி கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறியது.

"என்னய்யா, இப்படிக் கீறுற?"

"தூக்கமில்லண்ணே. அவளுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. செருப்பு நுழையல."

டிரைவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்து ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அவள் ஈரத்துணியோடு நான்கே எட்டில் வந்து நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

"கல்லு நிலையத்து வாசல்லதான் கிடக்குது" என்றார்.

"தெரியும்."

"எடுத்துட்டு வந்துட்டா, நீ பழையபடி அங்க, நான் இங்க."

அவள் கன்னத்தைத் துடைத்து முடித்தாள். "அந்தப் பொண்ணுக்கு நான் பின்சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தவ டிரைவரே. இப்ப நாம ரெண்டு பேரும் அதுல உக்காந்திருக்கோம். எந்திரிங்க. தனியாத் தூக்காதீங்க, முட்டி போயிடும்."

இருவருமாகப் போனார்கள். கல்லை ஏற்றியதுமே தள்ளுவண்டி நீளத் தொடங்கியது. முன்னால் இழுத்த அவரும் பின்னால் தள்ளிய அவளும் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டேதான் வீடு வந்தார்கள். "பள்ளம் வருது, பாத்து!" என்று அவர் கத்தியது அவளுக்குக் கேட்டபோது பள்ளம் தாண்டியிருந்தது. மறுநாள் ரயில் இருபது நிமிடத்தில் போனது. பொறியாளர்கள் எதையோ சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

இப்போதும் அந்த வீடு அப்படித்தான் இருக்கிறது. மின்கட்டணம் குறிக்க வருகிறவர் எந்தக் கோடியில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவார். காலையில் அவள் சோறு வடித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அந்தக் கோடியிலிருந்து அவர் ஒரு பழைய சைக்கிளில் கிளம்புவார். முட்டிக்கு மிதிப்பது நடப்பதைவிடத் தேவலை. மதியத்துக்கு நடுக்கூடத்தில் ஏதாவது ஒரு மரத்தடியில் சந்தித்துச் சாப்பிடுவார்கள். அவரவர் பக்கத்தில் பார்த்ததைச் சொல்லி முடிக்க வெயில் தாழ்ந்துவிடும். முட்டி வலிக்கிற நாட்களில் அவர் பாதிவரை வந்து சேர மாட்டார். அன்றைக்கு அவள் இன்னும் சில மரங்கள் தாண்டி நடப்பாள்.