தெளிவுப் பொடிக்கு ஒரு சோதனை

மதுவிலக்கு நீங்கிச் சாராயக்கடைகள் திறந்து ஒரு வருஷம் ஆவதற்குள், அருப்புக்கோட்டை பஜாரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியன் போதைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டார். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்கரைப் புளியமரங்களில் காது மாதிரி ஒட்டிக்கொண்டு வளரும் மரக்காளானைக் காயவைத்து இடித்த பொடி. வெந்நீரில் கலக்கிக் குடித்தால் அரை மணியில் தெளிந்துவிடும் என்றார். ‘தெளிவுப் பொடி’ என்று ஐந்நூறு லேபிளும் அச்சாகி வந்துவிட்டது.

லேபிளின் கடைசி வரியை அவர் மகள் இரண்டு தடவை படித்தாள். ‘சோதித்து உறுதி செய்தவர்: கஸ்தூரி, பி.எஸ்சி.’

அவள் மதுரையில் தாவரவியல் படித்தவள்தான். ஆனால் அந்தப் பொடியை மோந்துகூடப் பார்த்ததில்லை.

“நான் எப்பப்பா சோதிச்சேன்?”

“படிச்ச பிள்ள. நீ ஒரு பார்வை பாத்தா போதாதா?”

அப்பாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கல்லூரியில் ஆஜர் சொன்னால்கூடப் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது.

“ஞாயித்துக்கிழமை சோதிச்சுருவோம்ப்பா. தெளிஞ்சா பேரு இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துரணும்.”

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

சோதனைக்கு ஆள் பிடிப்பது கஷ்டமாகவே இல்லை. நெசவாளி பால்சாமியும் அவனோடு தறி நெய்யும் மச்சான் சங்கையாவும் ஒரே அளவாகக் குடித்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கஸ்தூரி இரண்டு டம்ளர் கலக்கினாள். ஒன்றில் காளான் பொடி. மற்றதில் கருக வறுத்து அரைத்த அரிசி மாவு. யாருக்கு எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அரை மணி கழித்து ஆளுக்கு நாற்பது அறுந்த நூலிழைகளைக் கொடுத்து, முடிச்சுப் போட்டு இணைக்கச் சொன்னாள். நிதானம் இல்லாதவனுக்கு அது வராது என்பது அவள் கணக்கு.

இரண்டு பேரும் ஒன்று விடாமல் முடித்தார்கள்.

“மச்சான், மண்டைக்குள்ள டியூப் லைட்டு எரியுது” என்றான் பால்சாமி.

“அட போ மாப்ளே, எனக்குப் போன தீவாளிக்குக் குடிச்சதே எறங்கிருச்சு!”

“பாத்தியா தாயி!” என்றார் சௌந்தரபாண்டியன்.

“பால்சாமி அண்ணன் குடிச்சது அரிசி மாவுப்பா.”

அவர் பால்சாமியின் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். “அரிசி மாவுக்கே தெளியுதா? காளானைவிடச் சல்லிசால்ல இருக்கு!”

அப்போதுதான் இருவரும் எழுந்தார்கள். சங்கையா வாசல் என்று நினைத்துச் சுக்கு மூட்டைக்குள் காலை விட்டான். பால்சாமி தராசைப் பிடித்துக்கொண்டு, தட்டோடு சேர்ந்து ஆடினான். “அண்ணாச்சி, கடை ஓடுது. என்னையக் காரியாபட்டியில எறக்கி விட்ருங்க.”

கஸ்தூரிக்கு விளங்கிவிட்டது. “என் சோதனைதான்ப்பா தப்பு. நெசவுக்காரவுக கை தூக்கத்துலயும் முடிச்சுப் போடும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்பத் தெளியலைன்னும் நிரூபணம் ஆகலையே!”

“தெளிஞ்சிருச்சு அண்ணாச்சி, சத்தியமா. எழுதிக்கோங்க” என்றான் சங்கையா, மூட்டைக்குள்ளிருந்து.

“பேரு என்னோடது. எடுங்கப்பா!”

எதிர்க்கடை வளையல்காரர் திரும்பிப் பார்த்தார். தன் குரலா அது என்று கஸ்தூரிக்கே சந்தேகமாக இருந்தது.

சௌந்தரபாண்டியன் கத்தரிக்கோலை எடுத்து, லேபிள்களின் கடைசி வரியை ஒவ்வொன்றாக நறுக்க ஆரம்பித்தார். பத்து நறுக்கியதும் நிறுத்தினார்.

“என் பேரைப் போட்டுக்கிடவா?”

“நீங்க குடிச்சுப் பாத்தீகளா?”

“சீச்சீ! நம்ம குடும்பத்துல யாரு குடிச்சா?”

மறுபடியும் நறுக்கினார். பிறகு ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே மெல்லக் கேட்டார்: “சளிக்குக் கேக்குமா தாயி?”

“சோதிக்கணும்ப்பா.”

சங்கையா பலமாக இருமிக் காட்டினான்.