நிலாப்பெண்ணுக்கு டைனமோ சுற்றியவள்

என் கணவர் யோகராசா கல்யாணம் முடித்தது என்னைத்தான். ஆனால் குடித்தனம் நடத்தியதென்னவோ வானொலியில் வந்த ஒரு நிலாப்பெண்ணோடு.

அவள் வந்த சினிமாப் படத்தை எங்கள் ஊர் பழுகாமத்தில் யாரும் பார்த்ததில்லை. சண்டைக் காலம். வாவிக்கு இந்தப் பக்கம் மின்சாரம் கிடையாது, ஆமிக்காரரின் சோதனைச் சென்றியைத் தாண்டிப் பற்றரியும் வராது. ஞாயிறு பின்னேரங்களில் கொழும்பு வானொலி படத்தின் ஒலியை மட்டும் துண்டு துண்டாகப் போட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

கதை இதுதான். நிலாவிலிருந்து இறங்கி வந்த பெண் ஒரு மனிதனைக் கட்டிக்கொள்கிறாள். அவளுக்கு வியர்க்காது, பசிக்காது, கோபம் வராது. ஒருநாள் அவளைக் குரல் உயர்த்திக் கத்த வைத்துவிட்டால், வானத்திலுள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

இவர் அந்தப் பெண்ணைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். "சீதேவி, உனக்குக் கோவமே வராதென்ன?" என்பார். ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தார். அடுத்த வீட்டு ஆச்சிப்பிள்ளை சின்ன வயதிலிருந்து என் வாயை அறிந்தவள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. மீன் தலையை உறிஞ்சித் தின்ன முடியவில்லை. கோழியைத் திட்ட முடியவில்லை. வயல் வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து பாயில் ஏறுகிறவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இந்த மனிதருக்கு என்னைத் தெரியவே தெரியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசித் துண்டு வந்த ஞாயிறு, முற்றம் நிறையச் சனம். வழக்கம்போல டைனமோ என் கையில். நிலாப்பெண்ணுக்கு அலுக்காது அல்லவா! படத்தில் புருஷன் அவளைச் சந்தேகப்பட்டு ஏதோ சொல்ல, அவள் விம்மத் தொடங்கினாள். எனக்குத் தோள்மூட்டு வலித்தது. றேடியோவின் சத்தம் மெலிந்தது.

"கொஞ்சம் வேகமாச் சுத்து புள்ள, அவ அழுவுறா, பாவம்," என்றார் இவர், கண்ணைத் துடைத்தபடி.

பெடலை விட்டேன்.

"அவ அழுதா உங்களுக்குக் கண்ணீர் வருது. இஞ்ச எனக்குக் கை கழண்டு போகுது, அது தெரியல்லையா? அவளுக்கு வேர்க்காது, எனக்கு வேர்க்கும்! பசிக்கும்! கோவமும் வரும்! இனிச் சேத்துக் காலோட பாயில ஏறிப் பாருங்க!"

மாமரத்துக் காகம் எழும்பிப் பறந்தது. "இப்பதான்கா எங்கட சீதேவி," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

இவருடைய முகம் வெளுத்துப்போனது. மெல்லக் கேட்டார்: "போகப்போறியா?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவர் பிறந்த ஊரான பனிச்சங்கேணியில், காட்டுக்கு விறகுக்குப் போன அவருடைய அண்ணன் திரும்பி வரவில்லை. தேடிப் போன தகப்பனும் வரவில்லை. அன்று காலை அண்ணனோடு இவர் சண்டை பிடித்திருந்தாராம். கோபத்தில் குரல் உயர்ந்தால் ஆள் போய்விடும் என்ற பயத்தில்தான் மனிதர் இந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சு கரைந்துவிட்டது. வாய் மட்டும் கரையவில்லை.

"நான் எங்க போற? இது என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. எங்கட ஊரில பொண்டாட்டி கோவிச்சா புருசன்தான் வெளியால போகணும். வாங்க, வந்து சுத்துங்க."

வந்தார், சுற்றினார். அவர் சுற்றிய வேகத்துக்குப் பழைய சங்கிலி போட்ட சத்தத்தில் அவருக்கு வசனம் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டது. நிலாப்பெண் போயே போய்விட்டாள். புருஷன் கதறினான். முற்றமே மூக்கைச் சிந்தியது.

"என்ன நடந்த? போயிட்டாவா?" மூச்சு வாங்க இவர் கத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல. நல்லாக் கத்திப்போட்டு அங்கயேதான் இருக்கா," என்றேன். "புருசன் மீன் வெட்டிக் குடுக்கிறானாம்."

ஆச்சிப்பிள்ளை விக்கலை அடக்கிக்கொண்டாள். ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் இவர்தான் மீன் வெட்டினார். தலையை நான் தின்றேன், அவர் பார்த்திருக்க, உறிஞ்சி உறிஞ்சி.