ஒரு அறையில் எத்தனை பேர்

பெலிக்ஸிடமும் கேட்டுவிட்டாளாமே, அதுவும் வியாழக்கிழமையே, தன்னிடம் கேட்டது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதானே, அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாளா... கார் அறந்தாங்கியைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து மகள் ஹஃப்சா சாதாரணமாகத்தான் சொன்னாள், மஸ்கட்லேர்ந்து திரும்புனவங்க மொத்தம் பத்துப் பேர்ட்ட படிவத்துக்குக் கேட்டாச்சுத்தா, மொத ஆளு பெலிக்ஸ் மாமாதான் என்று. சொல்லிவிட்டு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தாள், அவள் அம்மா சம்சுன் நிஹார் மடியில் பலகாரப் பொட்டலத்தோடு கண்ணசந்திருந்தாள், மைத்துனன் ரபீக் தன் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஹனீபா மட்டும் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தார். மஸ்கட்டில் வேலை பார்த்த பதினோரு வருடமும் பெலிக்ஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் அவர், பெலிக்ஸுக்குப் பொய் சொல்ல வராது, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, இருக்கட்டும், இன்றைக்குப் போய் அதையா நினைப்பது, இன்றைக்கு மகள் மஸ்கட் போகிறாள், பகல் ஒரு மணி ஃபிளைட்டில், எம்.எஸ்.டபிள்யூ. முதல் வருடம் முடித்த கையோடு, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வெளிநாட்டில் களப்பயிற்சி. வெயிலில் வேலை பார்க்கிற கட்டடத் தொழிலாளிகளுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கிற குழுவில் அவளும் ஒருத்தி, காலேஜிலிருந்து தேர்வானதே இரண்டு பேர்தான். ஒரு வாரமாகக் கட்டுமாவடியில் அவர் கால் தரையில் படவில்லை. மீன் ஏலம் விடும் இடத்தில் ஒருத்தர் கேட்டார், பொண்ணு மாப்பிள்ளகிட்டயா போகுது? எந்த மாப்பிள்ளங்க, எம்பொண்ணு படிப்புக்குப் போகுது. ஓ, டாக்டரா? டாக்டர் இல்லைதான், ஆனால் அதை எப்படி விளக்குவது, டாக்டருங்க யாரப் போயி பாக்கணும்னு கண்டுபுடிச்சுச் சொல்றதே அவதான் என்று ஒரே போடாகப் போட்டார், அது சரியா தப்பா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கேட்டவர் வாயைப் பிளந்தது போதும் அவருக்கு. அவர் முதல்முறை ஃபிளைட் ஏறியபோது ஏஜென்ட் பின்னால் இருபது பேரில் ஒருத்தராக, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், மகளோ பெயர் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாள்.

வேலையில் எவ்வளவு கறார், யப்பா... படிவத்தில் எண் எழுத இரண்டிரண்டு கட்டம், வெத்துக் கட்டம் விடக்கூடாதுத்தா, ஒத்த நம்பரா இருந்தா முன்னாடி சைபர் போடணும், இல்லேன்னா படிவமே செல்லாது என்றாள், பெற்ற அப்பனையே நேராக உட்காரச் சொல்லிக் கேட்டாள். என்ன வேலை பாத்தீங்க? சூப்பர்வைசர். ஒரு அறையில எத்தனை பேர்? நாலு. ஏசி? இருந்துச்சு. வேலை நேரத்துல தண்ணி? நெனச்சப்பல்லாம் குடிப்போம். சரிங்கத்தா, சரிங்கத்தா என்று தலைகுனிந்து எழுதிக்கொண்டே போனாள், அடுப்படியில் சம்சுன் நிஹார் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு என்ன சொல்ல முடியும்... போய் இறங்கிய நான்காம் நாள் முதல் போன், கைக்குழந்தை ஹஃப்சா அழுகிற சத்தம், எடம் நல்லா இருக்கா, சொல்லுங்க, நல்லா இருக்கா என்று சம்சுன் நிஹாரும் அழுகை, நாலே பேருதான், ஏசி ரூமு என்று சொல்லிவிட்டார், அப்புறம் அந்த நாலைப் பதினோரு வருடமும் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. பதினாலு பேர், அடுக்குக் கட்டில், கம்பி கட்டும் வேலை, ஒன்பதாவது மாடியில் நின்றால் கக்கூஸ் தரையில், இறங்கி ஏறினால் ஃபோர்மேன் கத்துவான் என்று அவரும் பெலிக்ஸும் ஒரு சட்டமே போட்டுக்கொண்டார்கள், மத்தியானம் வரைக்கும் தண்ணியைத் தொடுவதில்லை என்று. சிறுநீரில் ரத்தம் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குப் பெயர் வீட்டில் போன் ரிப்பேர். பெலிக்ஸ் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ் போகிறான், ஏன்டா இப்படி ஆச்சு என்று கேட்கிறவர்களோடு இவரும் சேர்ந்து உச்சுக்கொட்டியிருக்கிறார், வெட்கக்கேடு. இந்தப் பத்துப் பேர் பதிலை வைத்துத்தான் அங்கே கேள்விகளைத் திருத்தப்போகிறார்களாம், இவர் சொன்ன நாலும் ஏசியும் அதில் போய் உட்காரப்போகிறது, அங்கே இருக்கிற பையன்கள் உண்மையைச் சொல்லச் சொல்ல இவள் என்ன நினைப்பாள், என் அத்தா சூப்பர்வைசர் என்றா...

கீரனூரில் டீக்கடை பார்த்து ரபீக் வண்டியை ஓரங்கட்டினான். எறங்குங்க மச்சான். நீங்க குடிங்க, நா இருக்கேன். ஹஃப்சா இறங்கும்போது ஃபைலை அவர் மடியில் வைத்தாள், கையிலயே வச்சிருங்கத்தா, கசங்கிரும், அவசரமில்ல, ஏர்போர்ட்டுக்கு இன்னும் அரைமணி நேரந்தான். எதற்கு அவசரமில்லை? டீக்கா, ஃபிளைட்டுக்கா... கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, சொன்னால் பின்னாலேயே சம்சுன் நிஹார் வந்து நிற்பாளே, இருபது வருடப் பொய்யை ரோட்டோரத்தில் வைத்தா அவிழ்ப்பது. ஃபைலைத் திறந்தார். ஒன்பது படிவங்கள் ஒட்டிய உறைக்குள் இருந்தன, உறைமேல் எண்ணிக்கை எழுதியிருந்தது, அவருடையது மட்டும் ஒட்டாமல் மேலே, அதில் ஒரு நீலப் பேனா செருகியிருந்தது. வயது, சரி. பிள்ளைகள், சைபர் ஒன்று. குடும்பத்தில் எத்தனை பேர், சைபர் மூன்று. என்ன அழகான கையெழுத்து, மணிமணியாக. ஒரு அறையில் எத்தனை பேர்... இரண்டாவது கட்டத்தில் நாலு இருந்தது, முதல் கட்டம் காலியாக இருந்தது. சைபர் போடவில்லை. கீழே போய்ப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் என்ற இடத்தில் இரண்டு கட்டமுமே காலி, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தாரே, கேட்டுக்கொண்டுதானே எழுதினாள். மறந்துவிட்டாளோ... யார், ஹஃப்சாவா, வெத்துக் கட்டம் விட்டால் படிவமே செல்லாது என்று அப்பனுக்கே பாடம் எடுத்தவளா மறப்பாள்? நாலுக்கு முன்னால் ஒரே ஒரு கோடு கிழித்தால் போதும், பதினாலு. சிரிப்பு வந்தது, கெட்டிக்காரி, எம்பொண்ணு கெட்டிக்காரி. கண்ணாடிக்கு வெளியே அவள் இந்தப் பக்கம் திரும்பாமல் மாமனோடு பேசிக்கொண்டிருந்தாள், சம்சுன் நிஹார் அவருக்கான டீயோடு காரை நோக்கி வந்துகொண்டிருந்தாள், பேனாவின் மூடியை எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.