சாரை முந்துவது

"வேர்க்க வேர்க்க நடக்கணும். அடுத்த டெஸ்ட்லயும் சுகர் இறங்கலைன்னா இன்சுலின்தான். தினமும் ஊசி" என்று டாக்டர் ரேணுகா சொன்னபோது, ஜெயராமனுக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேல் கிரேனில் டன் கணக்கில் இரும்பு ஆடினாலும் அசராத மனிதர். ஊசி என்றால் மட்டும் சப்தநாடியும் ஒடுங்கிவிடும். வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் எடுப்பதற்கு முன்பே, பஞ்சைப் பார்த்து மயங்கி விழுந்தவர் என்ற பெயர் அவருக்குப் பணிக்காலம் முழுவதும் இருந்தது.

நடக்க இடத்துக்கா பஞ்சம்? திருமுல்லைவாயிலில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏரிக்கரைப் பூங்கா. கரையைச் சுற்றி நடைபாதை, மிதித்து ஓட்டும் படகுகள், வாயைப் பிளந்து நிற்கும் பென்குவின் குப்பைத்தொட்டிகள் என்று ஒரு குறையும் இல்லை. குறை முன்னால் நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் சண்முகசுந்தரம்.

சண்முகசுந்தரம் ஜெயராமன் வேலை பார்த்த பிரிவின் ஃபோர்மேன். தொழிற்சாலையில் அவர் நடந்தால் முன்னால்தான் நடப்பார், மற்றவர்கள் பின்னால்தான் வருவார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை, ஆனால் மீறியவரும் இல்லை. எல்லோரும் ஓய்வு பெற்று, பி.எஃப். பணத்தில் இதே பக்கத்தில் வீடு கட்டி, இதே ஏரிக்கரைக்கு நடக்க வந்து சேர்ந்தார்கள். பழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. முன்னால் சார், அவருக்குப் பின்னால் ஜெயராமன், அடுத்து ஃபிட்டர் யூசுப், கடைசியில் ஹெல்ப்பராக இருந்த கோபி. யாரும் சொல்லாமலே கிரேடு வாரியாக வரிசை அமைந்துவிட்டது.

சாரின் நடையோ கல்யாணப் பந்தியில் இலை பார்த்துப் போகிறவர் நடை. அவ்வப்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு நின்று ஏரியைப் பார்ப்பார். பின்னால் மூன்று பேரும் நின்று ஏரியைப் பார்ப்பார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண் முந்தினாள். ஊன்றுகோலோடு வந்த கிழவர் முந்தினார். ஜெயராமனின் சட்டை இஸ்திரி கலையாமல் வீடு திரும்பியது.

ஜெயராமன் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். எதிர்த் திசையில் சுற்றினார். அது இன்னும் மோசம். சாரை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியதாயிற்று. நின்று வணக்கம் வைக்க வேண்டும், "என்னய்யா, சௌக்கியமா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவர் நகர்ந்த பிறகுதான் நகர வேண்டும். அடுத்து, பூங்கா திறக்கும் நேரத்துக்கே போய் வாசலில் நின்றார். அங்கே ஏற்கெனவே சார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

இதையெல்லாம் கேட்டு மனைவி லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். ஏரியைச் சுற்றி அவர்கள் குடும்பத்துக்கு நெல் விளைந்த காலத்திலிருந்தே யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லை. மறுநாள் தானும் கூட வந்தாள். வந்தவள், "சார், கொஞ்சம் ஓரமா போறீங்களா" என்று சண்முகசுந்தரத்தைத் தாண்டி விறுவிறுவென்று போய், முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, சாமி ஊர்கோலமா போவுது? சீக்கிரம் வாங்க."

ஜெயராமனுக்கு அப்படியே ஏரிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. சார் காதில் விழாதது போல நடந்தார். யூசுப் இருமினார்.

வீட்டில் லோகநாயகி விடவில்லை. "ரிட்டயர் ஆயி எத்தினி வருசம் ஆச்சு? அவரு இன்னா, உன் பென்சனை நிறுத்திடுவாரா? ஊசியா, சாரா, நீயே முடிவு பண்ணிக்க."

இரவெல்லாம் ஜெயராமன் புரண்டு புரண்டு படுத்தார். தப்பு யார் மேல் என்று அவருக்குத் தெரியவில்லை. சாரை அவருக்குப் பிடிக்கும். ஒருமுறை ஜெயராமன் செய்த பிசகுக்கு மேலதிகாரியிடம் தன் தலையைக் கொடுத்தவர் சார். அந்த மனிதரை ஒரு கைக்குழந்தைக்காரி முந்தலாம், தான் முந்தலாமா? ஆனால் டெஸ்டுக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

காலையில் வழக்கமான வரிசை. படகுத்துறை தாண்டியதும் பின்னாலிருந்து கோபி கிசுகிசுத்தான். "அண்ணாத்தே, உன் சுகர் மேட்டர் அண்ணி சொல்லிச்சு. நீ ஒருவாட்டி முந்து. பின்னாலயே நாங்க வந்துக்கினே கீறோம்."

ஜெயராமன் கண்ணை மூடிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மூன்றே எட்டில் தாண்டிவிட்டார்.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பினார். சார் நடுப்பாதையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யூசுப்பும் கோபியும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்பாடா" என்றார் சண்முகசுந்தரம்.

பக்கத்திலிருந்த சாய்மானமில்லாத சிமெண்டு பெஞ்சில் மெதுவாக, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார்.

"ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுய்யா. டாக்டர் நடக்கவே கூடாதுன்னுட்டாரு. சும்மா வந்து காத்து வாங்கிட்டுப் போலாம்னு பார்த்தா, நீங்க மூணு பேரும் பின்னாடியே வர்றீங்க. முன்னாடி போறவன் எப்படி உட்கார்றது? யாராவது முந்த மாட்டீங்களான்னு பார்த்துப் பார்த்து அலுத்துட்டேன். நேரத்தோட வந்து உட்கார்ந்துக்கலாம்னு வந்தா, வாசல்லயே நீ நிக்கறே."

ஜெயராமனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. "முட்டி வலின்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"நீ சுகர்னு சொன்னியா? இப்ப கோபி கிசுகிசுத்ததைக் கேட்டுத்தானே தெரிஞ்சுது."

மூவரும் பெஞ்சைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். சார் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார முடியாது, அவர் அனுப்பாமல் நகரவும் முடியாது. சண்முகசுந்தரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போங்கய்யா. வேர்க்க வேர்க்க நடங்க."

போனார்கள். ஜெயராமன் கையை வீசி நடந்தார். மூச்சு வாங்கியது, முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஊசியைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்று முதல்முறையாக நம்பிக்கை வந்தது. ஏரியை ஒரு சுற்று முடித்து மறுபடி பெஞ்சு கண்ணில் பட்டதும் கால்கள் தானாகத் தளர்ந்தன. கை தானாக வணக்கத்துக்கு எழுந்தது.

சண்முகசுந்தரமும் அவர்களைப் பார்த்துவிட்டார். உடனே ஒரு காலைக் கையால் தூக்கி பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போட்டார். வலியில் முகம் சுருங்கியது. இன்னொரு காலையும் தூக்கிப் போட்டார். நடைபாதைக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, சாருக்கு நம்ம மேல கோவமா?" என்றான் கோபி.

ஜெயராமன் தூக்கிய கையை இறக்கினார். "கோவமில்லடா. நாம நின்னுடக் கூடாதுன்னு பண்றாரு. நட."

வணக்கம் வைக்காமல் மூவரும் சாரைக் கடந்து போனார்கள்.